கறுத்த பருப்பு

திரையில் தெரிந்தது தன் வீட்டுக்காரரின் குடல்தான் என்று மயிலாத்தாளுக்குச் சட்டென்று மனசு ஒப்பவில்லை. குடல் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஆட்டுக்குடல். நோம்பி பண்டிகை தவறாமல் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, பத்துத் தண்ணீர் மாற்றிக் கழுவி, வெள்ளை வெளேரென்று எடுத்து வைத்த கை அவளுடையது. இதுவோ விரியன் பாம்பின் முதுகைப் போலக் கறுப்பும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாகக் கிடந்தது.

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி அது. ஏசி போட்டுக் குளிரக் குளிர வைத்திருந்தார்கள். பக்கத்தில் மகள் நந்திதா நின்றிருந்தாள். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் வாக்கப்பட்டு, பம்பு கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பவள். அப்பனுக்கு வெளிக்குப் போகையில் ரத்தம் வருகிறது என்று அம்மா போனில் முனகியதைக் கேட்டு, இரண்டே நாளில் அப்பனை இழுத்து வந்து குழாய் விட்டுப் பார்க்க வைத்தவள் அவள்தான்.

டாக்டர் இல்மாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். பேனா முனையால் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த எடமெல்லாம் ரோஸ் கலர்ல பளபளன்னு இருக்கணும்ங்கம்மா. நம்ம கன்னத்துக்கு உள்பக்கம் இருக்கும் பாருங்க, அந்த மாதிரி. ஆனா ஐயாவுக்கு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் கறுத்திருக்கு. அப்பறம் ஒரு எடத்துல மொளகு அளவுக்குச் சின்னதா ஒரு சதை வளந்திருந்துச்சு. அதை அப்பவே எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியாச்சு. வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்துரும்."

"கேன்சருங்களா டாக்டர்?" என்று நந்திதா கேட்டே விட்டாள்.

"ரிசல்ட் வராம நான் எதுவும் சொல்லக்கூடாதுங்க. எனக்கு இந்தக் கறுப்புதான் புடிபடல. பேதிக்கு ஏதாச்சும் வருசக்கணக்காச் சாப்பிடறவங்களுக்கு இப்படி ஆகும்." கட்டிலில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் சாய்ந்திருந்த நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். "ஐயா, மாத்திரை, நாட்டு மருந்து, நிலாவரைப் பொடி, இந்த மாதிரி ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"இல்லீங் டாக்டரம்மா." அந்த நிலையிலும் நாச்சிமுத்துவின் குரலில் பெருமை குறையவில்லை. "அறுவத்து மூணு வயசாச்சுங். தலைவலி மாத்திரைகூட இந்த வாயில போட்டதில்லீங். சந்தேகமா இருந்தா எங்கூட்டுக்காரிகிட்டக் கேட்டுப் பாருங்."

டாக்டர் அவளைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். சொல்வதென்றால் அதுதான் நேரம். மயிலாத்தாள் வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க" என்று வந்துவிட்டது.

டாக்டர் இல்மா ஏதோ எழுதிக்கொண்டார். "அப்படின்னா வேற காரணம் தேடணும்" என்றார், யாரிடமோ சொல்வதைப் போல.

எட்டு வருசமாக, தினமும் பொழுதோட, ராத்திரிச் சோறு தின்று முடித்தபின் நாச்சிமுத்து குடிக்கிற சுக்குமல்லிக் காப்பியில் ஒரு கரண்டி நிலாவரைப் பொடியைக் கலந்து கொடுத்து வந்தவள் மயிலாத்தாள். சுக்கின் காரத்திலும் கருப்பட்டியின் இனிப்பிலும் அது இருக்கிற இடம் தெரியாது. அவருக்கு இன்று வரை தெரியாது. மகளுக்குத் தெரியாது. கொப்பரைக் களத்து ஆட்களுக்கும் தெரியாது. அவளைத் தவிரத் தெரிந்தவர் காங்கேயத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் சுந்தரராஜுலு நாயக்கர் ஒருவர்தான்.

ஏன் செய்தாள் என்றால், நாச்சிமுத்துவின் வயிறு அப்படி. கொப்பரைக் களம் வைத்திருக்கிற மனுசன்; கொப்பரைக்கு எங்கள் பக்கம் பருப்பு என்று பேர். காலை ஐந்து மணிக்குத் தேங்காய் லாரி வந்து நிற்கும். அவரோ கக்கூசுக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து ஒன்றும் ஆகாமல் வெளியே வருவார். அன்றைக்கு யார் எதிரில் வந்தாலும் தொலைந்தார்கள். தேங்காய் உடைக்கிறவன் கத்தி மழுங்கல், பருப்பு பொறுக்குகிறவள் குருடி, காப்பி கொண்டு வந்தவள் முகம் சரியில்லை. மருந்து சாப்பிடுங்க என்றால், "எனக்கு என்ன சீக்கா?" என்று சண்டைக்கு வருவார். நாயக்கர் கடையில் புலம்பியபோது, ஒரு பொட்டலத்தை மடித்துக் கொடுத்தார். "எண்ணெய் தேச்சுக் குளிக்கற நாளுக்கு ஒருக்காப் போடுங்க அம்மணி, போதும்" என்றார்.

சனிக்கிழமை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாச்சிமுத்து சீட்டி அடித்துக்கொண்டே களத்துக்குப் போனார். போகிற போக்கில், "ஏ புள்ள, இன்னைக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்குடி" என்று சிரித்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு என்று ஒன்றை அவள் பார்த்ததேயில்லை. அப்புறம் புதன்கிழமையும் போட்டாள். அப்புறம் ஒன்று விட்டு ஒரு நாள். அப்புறம் கணக்கில்லை. அந்தச் சிரித்த முகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் செய்தாள் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். அது பொய்யும் இல்லை.

சரி, டாக்டரிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அங்கேதான் குப்புசாமி வந்து நின்றான்.

குப்புசாமி நாச்சிமுத்துவின் உடன்பிறந்த தம்பி. இருவருக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒரு கோடையில் அண்ணனின் முறை வந்த அன்று, "மோட்டாரு காயில் போயிருச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு, மோட்டாரை ஓட்டித் தன் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டான். விசயம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. நாச்சிமுத்து கத்தவில்லை, அடிக்கவில்லை, பஞ்சாயத்துக் கூட்டவில்லை. பொழுதோட சமாதானம் பேச வந்து வாசலில் நின்ற தம்பியைப் பார்த்து, "வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். அதுவரை வாடா குப்பா, போடா குப்பா என்றுதான் கூப்பிட்ட வாய்.

கொங்குக்காரன் நாயைக்கூட ங்க போட்டுத்தான் விரட்டுவான் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி பேசுவதுண்டு. பேசட்டும். அந்த ங்க எங்களுக்குத் தேன். ஆனால் வாடா போடா என்று உரிமையாகக் கூப்பிட்ட வாய் ஒருநாள் திடீரென்று ங்க போட ஆரம்பித்தால், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று அர்த்தம். பதினான்கு வருசமாயிற்று. குப்புசாமியின் மகள் கல்யாணத்துக்கு நாச்சிமுத்து போனார், பந்தியில் சாப்பிட்டார், "நல்லா செஞ்சிருக்கறீங்க" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தார். குப்புசாமி மண்டபத்துச் சமையல்கட்டில் போய் நின்று அழுததைப் பார்த்தவள் மயிலாத்தாள்.

ஒரு நாள் பொய்க்குப் பதினான்கு வருசம். எட்டு வருசப் பொய்க்கு எத்தனை என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

சனிக்கிழமை வீடு திரும்பினார்கள். அன்று பொழுதோட சுக்குமல்லிக் காப்பி கொதிக்கையில் அவள் கை பழக்கத்தில் அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போயிற்று. பொடி டப்பாவைத் தொட்டதும் சுட்டதைப் போலக் கையை இழுத்துக்கொண்டாள். குடலைக் கறுக்க வைத்தது இதுதான். அந்த மிளகளவு சதையையும் இதுதானே வளர்த்திருக்கும்? டப்பாவைச் சேலைக்குள் மறைத்து எடுத்துப் போய் எருக்குழியில் கொட்டி, மேலே சாணியைத் தள்ளி மூடினாள். அன்றைக்குக் காப்பியில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டுமே இருந்தன.

திங்கட்கிழமை களத்தில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்தது. மயிலாத்தாள் ஆட்களுக்கு மோர் கொண்டு போயிருந்தாள். உடைத்த தேங்காய் மூடிகள் தொட்டிகளாய் வானத்தைப் பார்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் காய்ந்து பருப்பு கழன்ற பகுதியில் மாசாணம் குத்தவைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருசமாக இந்தக் களத்தில் இருப்பவள். வெள்ளைப் பருப்பு ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், பூசணம் பிடித்தது இன்னொரு பக்கம் என்று அவள் கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

சென்னிமலைப் பக்கமிருந்து திடீரென்று கருக்கல் கட்டியது. நாலு சொட்டு விழுந்ததுதான் தாமதம், ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் நாச்சிமுத்துவின் சத்தம் காங்கேயம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அன்றைக்கு அவர் களத்தின் நடுவில் சும்மா நின்றார். மேல் துண்டு காற்றில் பறந்து போனதைக்கூடப் பிடிக்கவில்லை.

"ஏனுங், பருப்பு நனையுதுங்!" என்று மாசாணம் கத்தினாள்.

மழை நாலு சொட்டோடு நின்றுவிட்டது. நாச்சிமுத்து மெதுவாக நடந்து வந்து, மாசாணம் ஒதுக்கிப் போட்டிருந்த குவியலிலிருந்து ஒரு தொட்டியை எடுத்தார். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கம் கரேலென்று இருந்தது.

"ஏம் மாசாணம், உள்ளுக்குள்ள இப்பிடிக் கறுத்துப்போச்சுன்னா அதை என்ன பண்ணுவ?"

"என்ன பண்றதுங், அக்கட்ட வீசிப்போட வேண்டியதுதானுங். எண்ணெய்க்குக்கூட ஆகாது. கூட வெச்சா நல்லதையும் சேத்துக் கெடுத்துப்போடுங்." அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"அதான்" என்றார் நாச்சிமுத்து. தொட்டியைப் பழைய இடத்திலேயே பதனமாக வைத்தார். "கறுத்தது கறுத்ததுதான். அதைப் போய்க் கழுவுனா வெளுக்குமா?"

மோர்ச் சொம்போடு நின்ற மயிலாத்தாளுக்கு அந்தப் பேச்சு தேங்காயைப் பற்றியதில்லை என்று புரிந்தது. நாற்பது வருசம் பருப்பைப் பார்த்த கண். உள்ளே கறுத்தால் தீர்ந்தது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டாக்டர் என்ன சொன்னாலும் அவர் காதில் விழுந்தது அந்தக் கறுப்பு ஒன்றுதான்.

அன்றிலிருந்து மனுசன் சோற்றைத் தள்ள ஆரம்பித்தார். கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்தாள், இரண்டு வாய் தின்றார். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள், தட்டோடு தள்ளினார். செவ்வாய்க்கிழமையும் வெளிக்குப் போகவில்லை. புதன்கிழமையும் இல்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இங்க வா. இப்பிடிச் சித்த உக்காரு."

உட்கார்ந்தாள்.

"அடைச்சுப்போட்டுது பாத்தியா? எட்டு வருசமா கடியாரமாட்டம் போயிட்டிருந்துது. அவிய குழாய் விட்டுப் பாத்ததுல இருந்து நின்னுபோச்சு. கட்டி பெருத்து வழிய அடைச்சிருக்குது. எனக்குத் தெரியும்."

"அப்பிடியெல்லாம் இருக்காதுங்க."

"நீ என்ன டாக்டரா? கேளு. போர் மோட்டாரு ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டன் சித்த ஒட்டும், ரெண்டு வாட்டி அமுத்தோணும். களத்தை மாசாணத்தோட மகன் பாத்துக்குவான், நல்ல பையன். நீ தனியா இங்க இருக்க வேண்டாம். நந்திதா ஊட்டுக்குப் போயிரு. அங்க போயி அவகிட்ட நெம்பப் பேசாத, மாப்பிள்ளைக்குப் புடிக்காது."

"ஏனுங்க, சும்மா இருங்க நீங்க."

"சும்மா இருக்கறதுக்குள்ள சொல்லிப்போடறேன். எட்டு வருசமா என்ன கொறை வெச்ச நீ? நானும் முந்தியாட்டம் உன்னய வையல. நல்லாத்தான இருந்தோம்?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் மயிலாத்தாள் எழுந்து சமையல்கட்டுக்கு ஓடிவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். நான் பொடியை நிறுத்தியதால் அடைத்திருக்கிறது. அவரோ கட்டி அடைத்தது என்று நினைத்துச் சாகத் தயாராகிறார். திரும்பவும் போட்டால் போய்விடும். ஆனால் போட்டால் குடல் இன்னும் கறுக்கும். போடாவிட்டால் இவர் பயத்திலேயே செத்துப்போவார். இரண்டு பக்கமும் கிணறு. நடுவில் நின்றாள் அவள்.

வியாழக்கிழமை நாயக்கர் கடைக்குப் போனாள். சுந்தரராஜுலு கடுக்காயை நிறுத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் தராசுத் தட்டைக் கீழே வைத்தார்.

"தெனமுமா?"

"தெனமுந்தானுங்க."

"எண்ணெய் தேச்சுக் குளிக்கற நாளுக்குன்னுதான அம்மணி சொன்னேன்? மாசத்துக்கு ஒருக்கா வந்து கால் கிலோ வாங்கிப்போவீங்க, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சேத்து வாங்கறீங்கன்னுல்ல நெனச்சேன்!" அவருக்கே நெற்றி வேர்த்துவிட்டது. "நிலாவரை தின்னு செத்தவன்னு நான் யாரையும் பாத்ததில்ல. ஆனா எட்டு வருசம் தெனமும் தின்னவனையும் பாத்ததில்ல. என்கிட்ட வந்து கேக்காதீங்க. டாக்டர்கிட்டச் சொல்லிப்போடுங்க."

"சொன்னா அவரு என்னோட பேசமாட்டாருங்க."

நாயக்கர் அவள் பக்கம் குனிந்தார். "பேசறதுக்கு ஆளு இருந்தாத்தான அம்மணி பேசாம இருக்கறதுக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை அதே மூன்றாவது மாடி. நந்திதா ஆபீசுக்கு லீவு போட்டு வந்திருந்தாள். டாக்டர் இல்மா மேசை மேலிருந்த காகிதங்களைத் திறக்குமுன்னே, "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டார்.

"ஆறு நாளாச்சுங், வெளிக்குப் போகலீங்" என்றார் நாச்சிமுத்து.

டாக்டரின் முகம் மாறியது. அவரைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உப்பியிருந்தது. "சாப்பிடறாருங்களா?" என்று கேட்க, இல்லை என்றாள் நந்திதா. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம். தேவைப்பட்டா அட்மிட் பண்ணி மறுபடியும் குழாய் விட்டுப் பாக்கணும். அந்தக் கறுப்புக்குக் காரணம் தெரியாம நான் அப்படியே விட முடியாதுங்க."

"வேண்டாமுங் டாக்டரம்மா." நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க. கறுத்த பருப்ப எத்தன வெயில்ல போட்டாலும் அது கறுத்த பருப்புத்தானுங். நான் ஊட்டுலயே இருந்துக்கறேன். நந்திதா, எந்திரி சாமி, போலாம்."

"அப்பா, என்னப்பா நீங்க!"

"போலாம்கறேன்."

கதவுப் பிடியில் அவர் கை போய்விட்டது. மயிலாத்தாள் நாற்காலியை விட்டு எழவில்லை. உட்கார்ந்தபடியே மேசையைப் பார்த்துச் சொன்னாள்:

"நாந்தானுங்க போட்டேன்."

யாருக்கும் புரியவில்லை.

"நிலாவரைங்க. தெனமும் ஒரு கரண்டி. அவரு குடிக்கற சுக்குமல்லிக் காப்பில. எட்டு வருசமாப் போட்டனுங்க. அவருக்குத் தெரியாதுங்க. போன சனிக்கிழமை இருந்து போடலீங்க, அதான் நின்னுபோச்சு. அன்னைக்கு நீங்க கேட்டப்ப இல்லீன்னு பொய் சொல்லிப்போட்டேன். என்ற ஊட்டுக்காரர நானே கொன்னுபோட்டனுங்களா டாக்டரம்மா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க."

"அம்மா!" என்றாள் நந்திதா.

டாக்டர் இல்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நெற்றியை இரண்டு விரலால் தடவிக்கொண்டார். பிறகு, மெல்ல, சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாத இடம் என்று தெரிந்தும் அடக்க முடியாத சிரிப்பு.

"ஐயா, மொதல்ல உக்காருங்க. ஒரு வாரமா இந்தப் படத்தை எத்தன பேருகிட்டக் காட்டியிருப்பேன் தெரியுமா? அம்மா அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்." காகிதங்களைத் திறந்தார். "கேளுங்க. இந்தக் கறுப்பு கேன்சர் இல்ல. நிலாவரை படிஞ்ச சாயம், அவ்வளவுதான். நிறுத்தியாச்சுல்ல? ஒரு வருசத்துல தானா வெளுத்துரும்."

"வெளுக்குமுங்களா?" நாச்சிமுத்து நின்றபடியே கேட்டார்.

"வெளுக்கும். இது பருப்பில்லீங்க ஐயா, உயிருள்ள சதை. தோலு தினமும் புதுசா வளந்துட்டே இருக்கும். ரத்தம் வந்தது மூலத்தால. இப்ப வெளிக்குப் போகாதது, வயித்தையும் கழுவிவிட்டு, சோறும் திங்காம, பழகின பொடியையும் திடீர்னு நிறுத்துனதால. அதுக்கு இப்பவே எனிமா குடுத்துடறேன், வீட்டுல சாப்பிட ஒரு பொடியும் எழுதித் தரேன். அப்பறம் அந்த மொளகு." ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "அது இன்னும் கேன்சர் ஆகல. ஆனா அப்படியே விட்டிருந்தா அஞ்சு, பத்து வருசத்துல ஆகியிருக்கக்கூடிய ரகம். முழுசா எடுத்தாச்சு. சாதாரணமா அவ்வளவு சின்னது கண்ணுக்குத் தப்பிப்போகும், ரெண்டும் ஒரே ரோஸ் கலருங்கறதால. அந்தச் சதை மட்டும் சாயம் புடிக்காம வெளுப்பா நின்னுச்சு. சுத்தியும் கறுப்பா இருந்ததாலதான் பளிச்சுனு தெரிஞ்சுது." மயிலாத்தாளைப் பார்த்தார். "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு சொல்லமாட்டேன்ங்கம்மா. ஒருத்தருக்குத் தெரியாம அவரு வயித்துக்குள்ள எதையும் போடக்கூடாது. கூட ரெண்டு கரண்டி போயிருந்தா உப்புச்சத்து எறங்கி மயங்கி விழுந்திருப்பாரு."

மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். கண்ணீர் பாட்டுக்கு ஓடியது. அவர் சாகமாட்டார். அந்த ஒன்று போதும் என்று ஒரு வாரமாக மாரியாத்தாளிடம் கேட்டதுதான். கிடைத்ததும், அது போதவில்லை. நாச்சிமுத்துவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் திரையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நந்திதாவின் காரில் திரும்பினார்கள். சூலூர் தாண்டியது. பல்லடத்தில் ஒரு பேக்கரி முன்னால் நந்திதா வண்டியை நிறுத்தினாள். நாச்சிமுத்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டில் இருந்த மனைவியிடம் குனிந்தார்.

"நீங்க டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

நந்திதாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. மயிலாத்தாள் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சோறு போட்டால், "போதுங்க" என்றார். வெளியே கிளம்பினால், "களத்துக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். துண்டு கேட்டால், "அதை எடுத்துக் குடுங்க" என்றார். சோறு சாப்பிட்டார், உப்பு குறைந்தாலும் வாயைத் திறக்கவில்லை. சுக்குமல்லிக் காப்பி வேண்டாமுங்க என்றுவிட்டார். தண்ணீரைக்கூடத் தானே போய்க் குடத்தில் மொண்டு குடித்தார். களத்திலிருந்து வீட்டுக்கு வந்த மாசாணம் இதைக் கேட்டுவிட்டு, மயிலாத்தாளிடம் குசுகுசுவென்று, "ஏனுங்க்கா, உள்ள ஒறம்பரை யாராச்சும் வந்திருக்கறாங்களா? அண்ணன் யாருக்கு இத்தன மரியாதை குடுக்கறாரு?" என்று விசாரித்தாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த இசப்கோல் பொடி பாக்கெட் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. அவர் தொடவில்லை. தொடச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. ஐந்தாறு நாளில் வயிறு மறுபடியும் உப்பியது. காலையில் கக்கூசிலிருந்து வெளியே வருகையில் முகம் சுருங்கியிருந்தது. யாரையும் வையவில்லை. வைதிருந்தால் அவள் கும்பிட்டிருப்பாள்.

ஒன்பதாவது நாள் பொழுதோட, சோறு தின்றுவிட்டு நாச்சிமுத்து முன்கட்டு ஆசாரத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் சமையல்கட்டில் நின்று வெகுநேரம் யோசித்தாள். பிறகு டம்ளர், கரண்டி, வெந்நீர்ச் சொம்பு, பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு நேர் எதிரில், விளக்கு வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்தாள். பாக்கெட்டைப் பிரித்தாள். ஒரு கரண்டி போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். வெந்நீர் ஊற்றினாள். கரண்டி டம்ளரில் பட்டு சத்தம் வரும்படியே கலக்கினாள்.

பேப்பர் இறங்கியது.

"ஏ புள்ள! அதுல என்னத்தப் போட்டுக் கலக்கற?"

அதட்டல்தான். சந்தேகம்தான். மயிலாத்தாள் கரண்டியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பொடிங்க" என்றாள். "டாக்டரம்மா எழுதிக் குடுத்த பொடிங்க. ரெண்டு கரண்டி போட்டிருக்கறனுங்க. வேற ஒண்ணும் போடலீங்க."

"ரெண்டுன்னுதான் எழுதியிருக்குதா?"

"ஆமாங்க."

"சீட்டக் கொண்டா. பாக்கறேன்."

ஓடிப்போய் மருந்துச் சீட்டை எடுத்து வந்தாள். நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சீட்டு முழுக்க இங்கிலீஷில் இருந்தது. அவருக்கு இங்கிலீஷ் ஓரெழுத்தும் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை, டாக்டரின் கையெழுத்து வரைக்கும், ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள்.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"செரி, குடு புள்ள."